எடை பழையது, வீச்சு புதியது

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பல ஆண்டுகளாகச் சென்று வருபவரா நீங்கள்? 100 கிலோ பார்பெல்லைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் 'டெட்லிஃப்ட்' உங்களுக்குப் பழகிப்போன பயிற்சியா? அப்படியென்றால் 16 கிலோ கெட்டில்பெல்லைப் பார்த்ததும் "இதெல்லாம் ஓர் எடையா!" என்று நினைப்பது இயல்புதான். அதை வாங்கி வந்து, வரவேற்பறையில் நின்று 50 முறை வீசிப் பார்ப்பீர்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாக மூச்சு வாங்கும். மறுநாள் காலை கீழ்முதுகு பிடித்துக்கொண்டாலும் வியப்பதற்கில்லை.

100 கிலோவைத் தாங்கும் முதுகு 16 கிலோவுக்கு ஏன் முறையிடுகிறது? கெட்டில்பெல் உடலிடம் கேட்பது வேறு வகையான வேலை. அந்த வேலை எது என்று புரிந்துகொண்டு தொடங்கினால், ஒரே ஓர் இரும்புக் குண்டைக் கொண்டு வீட்டிலேயே நல்ல பயிற்சி பெறலாம். புரியாமல் தொடங்கினால், பல ஆண்டுகள் சேர்த்த பலமே உங்களை ஏமாற்றிவிடும்.

சந்தையில் பிறந்த கருவி

கெட்டில்பெல்லின் தாயகம் ரஷ்யா. அங்கே அதன் பெயர் 'கிரியா'. சந்தைகளில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட எடைக்கல் அது. மளிகைக் கடைத் தராசுகளில் பிடி வைத்த இரும்புப் படிக்கற்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் உருவம் புதிதாகத் தோன்றாது. ரஷ்யாவின் பழைய எடை அலகு 'பூட்'. ஒரு பூட் ஏறத்தாழ 16.38 கிலோ. கடைகளில் 16, 24, 32 கிலோ கெட்டில்பெல்களை இன்றும் பார்க்கிறோமே, அவை முறையே ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் எடைகளின் வழிவந்தவை.

எடைக்கல் மெல்ல மெல்ல வலிமையைக் காட்டும் கருவியானது. பிறகு சோவியத் ஒன்றியத்தில் விதிமுறைகள் கொண்ட விளையாட்டாகவும் வளர்ந்தது. 2001ஆம் ஆண்டில் பாவெல் சட்சூலின் அமெரிக்காவில் வெளியிட்ட பயிற்சி நூல், ரஷ்யாவுக்கு வெளியே இதன் புகழைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தது. சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நடப்பில் இருந்த கொவிட்-19 முறியடிப்புத் திட்டம் போன்ற காலங்களில், வீட்டுக்குள் அடங்கும் உடற்பயிற்சிக் கருவி எது என்ற கேள்வி பலருக்கும் எழுந்தது. ஒரு சதுர அடி இடம்கூடத் தேவைப்படாத கெட்டில்பெல் அதற்கு ஏற்ற விடையாக இருந்தது.

கைக்கு வெளியே இருக்கும் எடை

டம்பெல்லைப் பிடிக்கும்போது அதன் ஈர்ப்பு மையம் உங்கள் உள்ளங்கைக்குள்ளேயே இருக்கிறது. இரு பக்கமும் சம எடை; நடுவில் கை. கெட்டில்பெல்லில் பிடி மேலே இருக்கிறது, குண்டு கீழே தொங்குகிறது. ஈர்ப்பு மையம் கையிலிருந்து சில அங்குலம் தள்ளி நிற்கிறது. தமிழர் உடற்பயிற்சி மரபில் உள்ள கர்லாக்கட்டையும் இதே கோட்பாட்டில் அமைந்ததுதான். பிடி ஒரு முனையில் இருக்க, கனம் மறுமுனையில் இருக்கும்.

இந்தச் சில அங்குல இடைவெளி இரண்டு மாற்றங்களைச் செய்கிறது. முதலாவது, கருவியை ஊசலைப் போல ஆட்ட முடிகிறது. இரண்டாவது, தலைக்கு மேல் தூக்கும்போது குண்டு உங்கள் மணிக்கட்டைப் பின்னோக்கி வளைக்கப் பார்க்கிறது. ஆகவே, டம்பெல்லில் 20 கிலோவை எளிதாகத் தலைக்கு மேல் தூக்குபவருக்கு 16 கிலோ கெட்டில்பெல் கடினமாகத் தோன்றலாம். தோளைச் சுற்றியுள்ள சிறிய தசைகள் அந்த இழுவையை ஒவ்வொரு நொடியும் சமன்செய்ய வேண்டியிருப்பதே காரணம்.

16 கிலோ 48 கிலோவாகும் இடம்

கெட்டில்பெல் பயிற்சிகளுக்கு அடிப்படை, 'ஸ்விங்' எனப்படும் வீச்சு. குண்டைக் கால்களுக்கு இடையே பின்னோக்கிச் செலுத்தி, இடுப்பை வெடுக்கென்று நிமிர்த்தி, நெஞ்சு உயரம் வரை பறக்கவிட்டு, மீண்டும் கால்களுக்கு இடையே வாங்கிக்கொள்வது.

பள்ளியில் படித்த ஊசலை நினைத்துப் பாருங்கள். கிடைமட்டமாக நீட்டிய கையிலிருந்து ஒரு குண்டு கீழே ஊசலாடி வருவதாக வைத்துக்கொள்வோம். அது மிகக் கீழான புள்ளியை அடையும்போது, அதை வட்டப் பாதையில் பிடித்து வைக்க அதன் எடையைப் போல் இரு மடங்கு விசை தேவை. அதன் சொந்த எடையையும் சேர்த்தால் மொத்தம் மூன்று மடங்கு. கை நீளமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதாவது, 16 கிலோ குண்டு அந்தக் கணத்தில் உங்கள் பிடியை 48 கிலோவாக இழுக்கிறது. 24 கிலோ குண்டு 72 கிலோவாக இழுக்கிறது. உண்மையான வீச்சில் தோளும் இடுப்பும் சேர்ந்து அசைவதால் எண் சற்று மாறலாம். ஆனால் விசை எந்த அளவில் இருக்கும் என்பதை இது உணர்த்தும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 16 கிலோவை ஒரு மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 157 ஜூல் ஆற்றல் வேண்டும். அதை அரை நொடியில் செய்து முடித்தால், சராசரித் திறன் 300 வாட்டைத் தாண்டுகிறது. டெட்லிஃப்டில் எடை தரையில் காத்திருக்கும். நீங்கள் தயாரான பிறகு தூக்கலாம். வீச்சில் எடை காத்திருப்பதில்லை. ஒன்றரை நொடிக்கு ஒருமுறை அது உங்களைத் தேடி வருகிறது. அதை நிறுத்த வேண்டும், உடனே திருப்பி அனுப்பவும் வேண்டும்.

முதுகெலும்பு உணரும் வேறுபாடு

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், லீ மார்ஷல் இருவரும் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. 16 கிலோ கெட்டில்பெல்லை வீசும்போது தசைகள் எந்த அளவுக்கு இயங்குகின்றன என்பதை அவர்கள் மின்முனைகளைப் பொருத்தி அளந்தனர். கீழ்முதுகுத் தசைகள் தங்கள் உச்ச அளவில் சுமார் 50 விழுக்காடும், பிட்டத் தசைகள் சுமார் 80 விழுக்காடும் இயங்கின. இன்னொன்றும் தெரிந்தது. அத்தசைகள் தொடர்ந்து இறுகியிருக்கவில்லை. ஒவ்வொரு வீச்சிலும் வேகமாக இறுகி, வேகமாகத் தளர்ந்தன.

விசையின் திசையும் வேறாக இருந்தது. வழக்கமான எடைதூக்கலில் முதுகெலும்பின் ஒரு கண்ணி அதன் கீழுள்ள கண்ணியின்மேல் முன்னோக்கிச் சறுக்கும்படி விசை செயல்படும். கெட்டில்பெல் வீச்சில் அது பின்னோக்கிச் செயல்பட்டது. கெட்டில்பெல்லால் முதுகு நலமடைந்ததாகப் பலர் சொல்வதற்கும், சிலருக்கு அதே பயிற்சி வலியைக் கிளப்புவதற்கும் இதில் விளக்கம் இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினர்.

அனுபவம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இதுதான். கனமான டெட்லிஃப்டை உங்கள் முதுகு தாங்குகிறது என்பது, வேகமான வீச்சுக்கும் அது தயார் என்பதற்குச் சான்றாகாது. இரண்டும் வெவ்வேறு தேர்வுகள்.

பலன் எவ்வளவு?

விளம்பரங்கள் பலவற்றைச் சொல்லும். ஆய்வுகள் சொல்வது அளவானது, ஆனாலும் ஊக்கம் தருவது.

அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்கள் 16 கிலோ கெட்டில்பெல்லை 12 நிமிடத்துக்குத் தங்களால் இயன்ற அளவு வீசினர். அவர்களின் இதயத் துடிப்பு சராசரியாக உச்ச அளவின் 87 விழுக்காட்டைத் தொட்டது. ஆனால் உயிர்வாயுப் பயன்பாடு உச்ச அளவில் 65 விழுக்காடாகவே இருந்தது. இதயத் துடிப்பை மட்டும் வைத்துக் கலோரியைக் கணக்கிடும் கைக்கடிகாரம் கெட்டில்பெல் பயிற்சியில் சற்றுத் தாராளமாக எண்ணிச் சொல்லக்கூடும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

டென்மார்க்கில் 40 பேர் பங்கேற்ற மற்றோர் ஆய்வு 2011இல் வெளியானது. கழுத்து, தோள், முதுகு வலி அதிகம் காணப்படும் வேலைகளில் இருந்தவர்கள் அவர்கள். எட்டு வாரம், வாரம் மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம் கெட்டில்பெல் பயிற்சி செய்தவர்களுக்குக் கழுத்து, தோள், கீழ்முதுகு வலி குறைந்தது. முதுகுத் தசையின் வலிமை கூடியது. ஆனால் இதய, நுரையீரல் தாங்குதிறன் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை.

வலிமையைப் பொறுத்தவரை, 2012இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், வாரம் இருமுறை 12 நிமிட வீச்சுப் பயிற்சி ஆறு வாரத்தில் வலிமையையும் துள்ளும் உயரத்தையும் கூட்டியது. அதே ஆண்டு வெளியான வேறோர் ஆய்வில், பார்பெல் பயிற்சி செய்தவர்களின் ஸ்குவாட் வலிமை கெட்டில்பெல் குழுவைவிட அதிகமாகக் கூடியது. ஆகவே, கெட்டில்பெல்லை உங்கள் பார்பெல்லுக்கு மாற்றாகக் கருத வேண்டாம். பார்பெல் தராத வேகத்தையும் தாங்குதிறனையும் பிடிவலிமையையும் வீட்டிலேயே பெற்றுத்தரும் துணையாகக் கருதலாம்.

பழக்கதோஷங்கள் நான்கு

முதலாவது, உட்காருவது. ஸ்குவாட் பழகியவர்கள் வீச்சின்போதும் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுகிறார்கள். வீச்சில் முழங்கால் சிறிதளவே மடங்கும். உடல் மடங்குவது இடுப்பு மூட்டில். கை நிறையப் பொருளை வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவீர்களே, அந்த அசைவுதான் இது.

இரண்டாவது, கையால் தூக்குவது. தோள் பயிற்சி செய்து பழகியவர்களின் கைகள் சும்மா இருக்க மறுக்கும். வீச்சில் கைகள் வெறும் கயிறுகள். குண்டு மேலே போவது இடுப்பு கொடுத்த உந்தத்தால். வீச்சு முடிந்ததும் முன்தோள்தான் முதலில் வலிக்கிறது என்றால், கைகள் வேலை செய்கின்றன என்று பொருள்.

மூன்றாவது, சீக்கிரம் குனிவது. மேலே போன குண்டு இறங்கத் தொடங்கியதுமே அதனுடன் சேர்ந்து குனிந்தால், குண்டு முழங்காலுக்குக் கீழே தாழ்ந்து முதுகை இழுக்கும். முன்கைகள் வயிற்றருகே வரும்வரை நிமிர்ந்து நின்று, பிறகு மடங்குங்கள். குண்டு எப்போதும் முழங்காலுக்கு மேலேயே கால்களைக் கடந்து செல்ல வேண்டும்.

நான்காவது, மூச்சை அடக்குவது. கனமான எடையைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்குவது சரி. 20 வீச்சுக்கும் அப்படியே பிடித்துக்கொண்டால் தலை சுற்றும். குண்டு இறங்கும்போது மூக்கால் இழுத்து, இடுப்பு நிமிரும்போது 'ஸ்' என்று கூர்மையாக வெளியேற்றுங்கள். அந்தக் கணத்தில் வயிறும் தானே இறுகும்.

எந்த எடை? எந்த இடம்?

எடைப் பயிற்சியில் அனுபவமுள்ள ஆண்களில் பெரும்பாலானோர் 16 கிலோவிலும் பெண்கள் 8 அல்லது 12 கிலோவிலும் தொடங்கலாம். வீச்சு மிக இலேசாகிவிட்டதே என்று முதல் வாரத்திலேயே 24 கிலோவுக்குத் தாவ வேண்டாம். அதே குண்டை இன்னும் வேகமாக வீசினாலே வேலை கூடும். தலைக்கு மேல் தூக்கும் பயிற்சிகளுக்கும் அந்த எடை தேவைப்படும். வாங்கும்போது பிடியைத் தடவிப் பாருங்கள். வார்ப்பின் பிசிறு இருந்தால் உள்ளங்கைத் தோலைக் கிழித்துவிடும். போட்டிகளுக்கான எஃகுக் கெட்டில்பெல்கள் எல்லா எடைக்கும் ஒரே பருமனில் இருக்கும். எடை கூடினாலும் முன்கையில் குண்டு படும் இடம் மாறாது.

அடுக்குமாடி வீடுகளில் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். தலைக்கு மேல் தூக்கும் முன் மேலே மின்விசிறி இருக்கிறதா என்று பாருங்கள். தொலைக்காட்சியை நோக்கி வீசாதீர்கள். பிடி நழுவினால் குண்டு முன்னோக்கித்தான் பறக்கும். பிள்ளைகளை வேறு அறையில் இருக்கச் சொல்லுங்கள். தடித்த ரப்பர் விரிப்பு தரை ஓட்டைக் காக்கும். மெத்தென்ற ஓட்டக் காலணியைவிட வெறுங்காலோ தட்டையான அடிப்பாகம் கொண்ட காலணியோ நல்லது. குண்டு கைதவறினால் பிடிக்க முயலாமல் விலகிவிடுங்கள்.

நம் ஊரின் ஈரப்பதம் தனிச் சிக்கல். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, உடல் வெப்பம் தணியாது, கையும் வழுக்கும். மின்விசிறியைப் போட்டு, அருகில் ஒரு துண்டையும் தண்ணீரையும் வைத்துக்கொள்ளுங்கள். காலையோ இரவோ, வெப்பம் குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறு வாரப் பயிற்சித் திட்டம்

வாரம் மூன்று நாள், ஒரு நாள் இடைவெளி விட்டு, நாளுக்கு 20 முதல் 25 நிமிடம் போதும். இந்த ஆறு வாரத்துக்கு உங்கள் வழக்கமான டெட்லிஃப்ட் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே தசைகளைத்தான் களைப்பாக்கும்.

முதல் இரண்டு வாரம்: சுவருக்கு ஓரடி முன்னால், அதற்கு முதுகைக் காட்டி நின்று, முதுகை நேராக வைத்தபடி பிட்டம் சுவரைத் தொடும்வரை இடுப்பில் மடங்குங்கள், 10 முறை. அடுத்து, கெட்டில்பெல்லைக் கால்களுக்கு இடையே வைத்து டெட்லிஃப்ட். 8 முறை வீதம் 3 சுற்று. பிறகு ஒற்றை வீச்சு: குண்டை ஓரடி முன்னால் வைத்து, பின்னுக்கு இழுத்து, ஒரே ஒருமுறை வீசி, மீண்டும் தரையில் வைத்துவிடுங்கள். 5 முறை வீதம் 5 சுற்று. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதால், பிழை தொடராது. கடைசியாக, குண்டை நெஞ்சருகே பிடித்துக்கொண்டு ஸ்குவாட். 5 முறை வீதம் 3 சுற்று.

மூன்றாம், நான்காம் வாரம்: கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் இரு கைகளாலும் 10 வீச்சு. எஞ்சிய நேரம் ஓய்வு. இப்படி 10 நிமிடத்தில் 100 வீச்சு. பிறகு, படுத்த நிலையிலிருந்து ஒரு கையை மேலே நீட்டியபடியே எழுந்து நிற்கும் 'டர்க்கிஷ் கெட்அப்'. முதலில் மூடிய கைமுட்டியின்மேல் ஒரு காலணியை வைத்து, அது விழாமல் எழுந்து பழகுங்கள். பிறகு இலேசான எடை. பக்கத்துக்கு 3 முறை.

ஐந்தாம், ஆறாம் வாரம்: அதே 10 நிமிடம், ஆனால் ஒரு நிமிடம் வலக்கை, ஒரு நிமிடம் இடக்கை. ஒரு கையால் வீசும்போது குண்டு உடலை ஒரு பக்கம் திருப்பப் பார்க்கும். திரும்ப விடாமல் நிற்பதே இங்கே பயிற்சி. அதனுடன் ஒரு கையால் தலைக்கு மேல் தூக்குதல். பக்கத்துக்கு 5 முறை வீதம் 3 சுற்று. ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகும் 'ஸ்னாட்ச்' பயிற்சியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

முன்னேற்றத்தை அறிய இரண்டு எளிய சோதனைகள் போதும். 100ஆவது வீச்சு முடிந்த ஒரு நிமிடத்துக்குள் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா? ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குண்டைச் சத்தமின்றித் தரையில் வைக்க முடிகிறதா? சத்தமின்றி வைக்க, களைத்த பிறகும் இடுப்பில் மடங்கத் தெரிந்திருக்க வேண்டும். கீழ்வீட்டாருக்கு நீங்கள் பயிற்சி செய்வதே தெரியவில்லை என்றால், அடுத்த எடைக்கு நீங்கள் தயார்.

எப்போது நிறுத்த வேண்டும்?

பிட்டமும் பின்தொடையும் மறுநாள் வலித்தால் அது வழக்கமான தசைவலி. கீழ்முதுகு வலி வீச்சுக்கு வீச்சு கூடினால், அன்றைய பயிற்சியை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். வலியோ மரமரப்போ காலுக்குள் இறங்கினால், நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் மருத்துவரைப் பாருங்கள். உயர் இரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை, முதுகெலும்பு வட்டுப் பிரச்சினை, குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டபிறகே தொடங்க வேண்டும்.

அனுபவசாலிகளுக்கு இன்னோர் எச்சரிக்கை. இதயமும் மன உறுதியும் பழகியிருக்க, தசைகள் மட்டும் இந்த அசைவுக்குப் புதியவை. அதனால் தசை தாங்கும் அளவைத் தாண்டியும் உங்களால் தொடர்ந்து செய்ய முடியும். பழகாத பயிற்சியை வெப்பத்தில் அளவு மீறிச் செய்தால், தசை நார்கள் சிதைந்து அவற்றின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் 'ரேப்டோமயோலிசிஸ்' ஏற்படக்கூடும். கடும் வலி, வீக்கம், கோலா நிறத்தில் சிறுநீர் ஆகியவை அதன் அறிகுறிகள். கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. கூடத்துக்குப் போக நேரம் கிடைக்காத வாரங்களில் அந்த இரண்டு நாளை வீட்டு மூலையில் இருக்கும் ஒரே ஓர் இரும்புக் குண்டு காப்பாற்றித் தரும். முதல் இரண்டு வாரம் மட்டும், பார்பெல்லில் எத்தனை கிலோ தூக்குவீர்கள் என்பதை மறந்துவிட்டு அதைக் கையிலெடுங்கள்.